தடை ஒன்றும் இல்லை

சென்னை பெருங்குடியில், ராஜீவ் காந்தி சாலையைப் பார்த்தபடி நிற்கும் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடி. காலை 10 மணி. சன்னலுக்கு வெளியே மெட்ரோவுக்கான தூண்கள். உள்ளே வெள்ளைப் பலகைக்கு முன்னால் அரைவட்டமாக 8 பேர். மீதி 3 பேர் பஸ்ஸில் வந்துகொண்டே அலைபேசியில் இணைந்திருக்கிறார்கள். ஒருவர் பேசும்போது நடத்துநர் கந்தன்சாவடி என்று கூவுவதும் சேர்ந்து கேட்கிறது. ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள்: "நேற்று கிளெய்ம் படிவத்தில் வேலை பார்த்தேன். இன்றும் அதுதான். தடை ஒன்றும் இல்லை."

11 பேரும் அதையே சொன்னார்கள். 9 நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. கலைந்து போகும்போது, கடைசியாகப் பேசிய சோதனையாளர் பெண் பக்கத்து இருக்கைக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான்கு நாளாக டெஸ்ட் சர்வரே கைக்கு வரவில்லை. எதைத்தான் சோதிப்பது?"

நான் அந்தக் குழுவுக்குப் போன முதல் நாள் அது. ஒரே ஆள், அரை நிமிட இடைவெளியில், ஐந்தடி தள்ளி நின்று சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் குழுவின் ஒன்றுவிட்ட உறவுகள் உட்கார்ந்திருப்பார்கள். வாடிக்கையாளர் அமெரிக்காவில் டாலஸ் நகரிலிருந்து இயங்கும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். சிகிச்சைச் செலவைக் கோரி வரும் விண்ணப்பங்களைக் கையாளும் அவர்களுடைய பழைய மென்பொருளைப் பகுதி பகுதியாகப் புதிதாக எழுதித் தருவது வேலை. நிரல் எழுதுவோர் 6 பேர், சோதனையாளர்கள் 3 பேர், தேவைகளைத் தொகுத்துத் தரும் பிசினஸ் அனலிஸ்ட் ஒருவர், தொழில்நுட்பத் தலைவர் ஒருவர். இவர்களுக்கு மேலே, இதுபோல் மூன்று குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்.

நான் அதே நிறுவனத்தில் வேறு பிரிவிலிருந்து, மென்பொருளைச் சிறு சிறு பகுதியாக எழுதி, வாடிக்கையாளரிடம் காட்டிக் காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைல் முறையின் பயிற்றுநர் என்ற பெயரில், ஜூன் மாதம் ஆறு மாதத்துக்கு அனுப்பப்பட்டேன். எனக்குச் சொல்லப்பட்ட புகார் ஒரே வரி: "குழுவுக்கு வேகம் போதவில்லை." வேலையை ஸ்பிரிண்ட் என்ற இரண்டு வாரத் தவணைகளாகச் செய்வார்கள், ஒன்றுக்கு 10 வேலை நாள். ஒவ்வொன்றிலும் 20, 22 ஸ்டோரிகளை, அதாவது மென்பொருளில் செய்ய வேண்டிய சிறு சிறு வசதிகளை, எடுத்துக்கொள்வார்கள், 15 முடியும், மீதி அடுத்ததற்குத் தள்ளிப்போகும். நான்கு ஸ்பிரிண்டாக இதே கதை.

அஜைல் முறைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. திட்டமிடல் கூட்டம், தினக் கூட்டம், வாடிக்கையாளருக்குக் காட்டும் கூட்டம், ரெட்ரோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பின்னோக்குக் கூட்டம், வேலையைப் பதிய ஒரு மென்பொருள், அது வரைந்து தரும் வண்ண வண்ண வரைபடங்கள். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் நான்கு மதிப்பீடுகளைச் சட்டமிட்டு நடைபாதையில் மாட்டியிருந்தார்கள். செயல்முறையையும் கருவியையும்விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான பேச்சும் பெரிது என்பது அதில் முதலாவது. அதற்கு நேர் கீழே, எந்தக் கோரிக்கையானாலும் கருவியில் டிக்கெட்டாகப் பதிந்த பிறகே பேச வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் குறும்புக்காரர் என்று முதலில் நினைத்தேன். இல்லை, இடம் அங்கேதான் காலியாக இருந்ததாம்.

நான் வீணடித்த நான்கு வாரம்

முதல் இரண்டு ஸ்பிரிண்டுகளைக் கெடுத்தது நான்தான். ஒழுங்கு போதவில்லை என்று எனக்குப் பட்டது. தினக் கூட்டத்துக்கு மணியடிக்கும் கடிகாரம் வைத்தேன். மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொருவரும் முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றேன்: நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன. பஸ்ஸிலிருந்து பேசக்கூடாது என்றேன். தரமணிக்கும் பெருங்குடிக்கும் நடுவே ஒரு லாரி நின்றுபோனால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் சொல்லக்கூடிய விதியா அது?

பலன், 9 நிமிடக் கூட்டம் 7 நிமிடம் ஆனது. தடை ஒன்றும் இல்லை என்பதை முன்பைவிடத் தெளிவாக உச்சரித்தார்கள்.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் பிடித்துத் தொங்கிய அந்த மூன்று கேள்விகள், அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கு உரிய ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பிலேயே இல்லை. எடுத்துவிட்டார்கள். தினக் கூட்டம் என்பது அன்றைய வேலையைச் செய்பவர்கள் தங்களுக்குள் திட்டத்தைச் சரிசெய்துகொள்ளும் 15 நிமிடம். யாருக்கும் ஒப்பிக்கும் இடமில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் பேசுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்தேன். ஒருவர்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பேசவில்லை. 11 பேரும், ஓரமாக மடிக்கணினியுடன் நின்ற மேலாளரைப் பார்த்துப் பேசினார்கள்.

பழைய ரெட்ரோ தாள்களை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கூட்ட அறைகளுக்கு ஆற்றுப் பெயர்கள். இந்தக் குழுவுக்கு வாய்த்தது பாலாறு. ஆற்றைப் போலவே கூட்டமும் வறண்டிருந்தது. தொடர்ச்சியாக ஆறு ஸ்பிரிண்டின் தாள்களிலும் "மேம்பட வேண்டியவை" என்ற தலைப்பின் கீழ் அதே மூன்று வரிகள். முதலாவது, தகவல்தொடர்பு மேம்பட வேண்டும். ஆறிலும் அதே வரி, அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை. முந்தைய தாளை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தாள் பொதுக் கோப்புறைக்குப் போகும், மேலாளர் படிப்பார், அவருக்கு மேலே உள்ளவரும் படிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு யார் அதில் உண்மையை எழுதுவார்?

புள்ளி வைத்த அட்டைகள்

மூன்றாவது ஸ்பிரிண்டில் ஒரு வேலை செய்தேன். வேளச்சேரியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் அஞ்சலட்டை அளவு அட்டைக் கட்டு ஒன்று, பச்சை, சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒவ்வொன்று. ஒவ்வொரு ஸ்டோரிக்கும் ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினோம். மாலை 5 மணிக்கு, அந்த அட்டைக்குரிய வேலையில் அன்று யாராவது கை வைத்திருந்தால் பச்சைப் புள்ளி. எதற்காகவோ காத்துக்கிடந்தால் சிவப்புப் புள்ளி. கருவியில் "நடப்பில்" என்று ஒரே நிறத்தில் தெரியும் ஸ்டோரிக்குள் உழைப்பும் காத்திருப்பும் பிரித்தறிய முடியாமல் கலந்திருக்கும். அதைப் பிரிப்பதுதான் நோக்கம். தரை துடைக்க வந்த அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "கோலத்துக்கா சார் புள்ளி வைக்கிறீர்கள்? வரிசை தப்பாக இருக்கிறதே" என்றார்.

ஓர் அட்டையை மட்டும் விரித்துச் சொல்கிறேன். மருத்துவமனை ஒன்று இடம் மாறினால் புதிய முகவரியைப் பதிவுசெய்யும் வசதி. சிறிய வேலை; வேலையின் அளவைக் குறிக்கும் ஸ்டோரிப் புள்ளியில் 3 என்று மதிப்பிட்டிருந்தார்கள். அது பிறந்ததிலிருந்து வாடிக்கையாளர் ஏற்கும் வரை 17 வேலை நாள். பச்சை 4, சிவப்பு 13.

முதல் நாள் பச்சை. எழுத ஆரம்பித்த இளைஞருக்கு ஒரு சந்தேகம்: ஏற்கெனவே தாக்கலாகியிருக்கும் விண்ணப்பங்களில் பழைய முகவரி அப்படியே நிற்க வேண்டுமா, புதியதாக மாற வேண்டுமா? நல்ல கேள்வி. தவறாக ஊகித்தால் ஒரு நோயாளியின் காசோலை பூட்டிய கட்டடத்துக்குப் போகும். அனலிஸ்டிடம் கேட்டார். தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ப்ராடக்ட் ஓனர் டாலஸில் இருக்கிறார். அவருக்கு அங்கே வேறொரு முழுநேர வேலை, இது மேல்கணக்கு. பூசையெல்லாம் நேரத்துக்கு நடந்தது, சாமிதான் ஊரில் இல்லை. சென்னையில் காலை 11 மணிக்குக் கேட்கும் கேள்வி, கோடையில் டாலஸில் நள்ளிரவு 12.30. அங்கே விடிந்து பதில் எழுதும்போது இங்கே இரவு. ஒரு கேள்விக்கு ஒரு நாள். முதல் பதில், "ஆவணத்தைப் பாருங்கள்" என்று வந்தது. ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று திருப்பி எழுதி, நடுவில் ஒருவர் விடுப்பில் போய், கடைசியில் விடை வந்தபோது 4 சிவப்பு.

ஆறாம் நாள் எழுதி முடித்தார். எழுதிய நிரலைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமை தொழில்நுட்பத் தலைவர் ஒருவருக்கு மட்டும். அவர் சோம்பேறி இல்லை. ஆள் எடுக்கும் நேர்காணல்களுக்கும் புதுத் திட்டங்களுக்கான விலைக் குறிப்புக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 2 சிவப்பு. ஒன்பதாம் நாள் திருத்தம், பச்சை.

பிறகு வந்தது நீண்ட வரிசை, 6 சிவப்பு. மூன்று குழுக்களுக்கும் சேர்த்து ஒரே டெஸ்ட் சர்வர். அதை நிர்வகிப்பது வேறு துறை. சோதனைக்கான தரவைப் புதுப்பிக்க டிக்கெட் போட வேண்டும். புதுப்பிக்கும்போது மற்ற இரண்டு குழுவும் வேலையை நிறுத்த வேண்டும். அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சுதான் அந்த நிறுவனம் கட்டும் மென்பொருளிலும் விழும் என்று மெல்வின் கான்வே 1968 இல் எழுதினார். இங்கே மென்பொருள்வரைகூடப் போக வேண்டாம். துறைகளுக்கு நடுவே இருந்த சுவர் அட்டையில் ஆறு புள்ளியாகவே விழுந்திருந்தது. பதினாறாம் நாள் சோதனை, ஒரே காலையில் முடிந்தது. பதினேழாம் நாள் வாடிக்கையாளரின் தலையசைப்புக்காகக் காத்திருந்தது.

மேலிடம் கேட்ட வேகம் எது? விரல்கள் விசைப்பலகையில் ஓடும் வேகம். அந்த 4 நாளை 3 ஆக்கினாலும் 17 என்பது 16 ஆகும், அவ்வளவுதான். மற்ற 13 நாளுக்கு வேலைப் பதிவுக் கருவியில் பெயரே இல்லை.

கை சும்மா இருக்கக்கூடாது

காத்திருக்கும் மனிதர் என்ன செய்வார்? சும்மா உட்கார்ந்தால் கண்ணில் படும். இன்னொரு அட்டையை எடுப்பார். அதுவும் எங்காவது மாட்டும், மூன்றாவதை எடுப்பார். ஒரு புதன்கிழமை எண்ணிப் பார்த்தேன்: 11 பேர் கையில் 24 அட்டைகள். நாளுக்குச் சராசரியாக முடிவது ஒன்றரை. ஜான் லிட்டில் 1961 இல் நிறுவிய வரிசைக் கணக்கு இதற்கு நேராகப் பொருந்தும்: கையில் இருப்பதை முடியும் விகிதத்தால் வகுத்தால் ஒன்று முடிய ஆகும் சராசரிக் காலம். 24 ஐ ஒன்றரையால் வகுத்தால் 16 நாள். முகவரி அட்டை விதிவிலக்கே இல்லை. அதுதான் அங்கே வாடிக்கை. ஒரே தோசைக்கல்லில் வந்த ஆர்டருக்கெல்லாம் மாவை ஊற்றிவிட்டால் எதைத் திருப்புவது?

இதன் கடைசிப் பலி சோதனையாளர்கள். எல்லா அட்டைகளும் எட்டாம் நாளுக்கு மேல்தான் அவர்களிடம் வந்து சேரும். பழைய முறையில் ஆறு மாதம் எழுதி, கடைசி மாதம் சோதிப்பார்கள். நாங்கள் அதையே பத்து நாளுக்குள் சுருக்கி அஜைல் என்று பெயர் வைத்திருந்தோம். அந்தச் சோதனையாளர் பெண் சொன்னது எனக்கு மறக்காது: "முதல் ஏழு நாள் காற்று வாங்குகிறேன். கடைசி மூன்று நாள் மூச்சு வாங்குகிறேன்."

எனக்கு முன்பே ஒரு வைத்தியம் நடந்திருந்தது. 8 பேராக இருந்த குழுவில் பிப்ரவரியில் 3 பேரைக் கூட்டியிருக்கிறார்கள். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று பிரெட் புரூக்ஸ் 1975 இல் சொன்னதை இந்தத் தொழிலில் கேட்காதவர் கிடையாது. கேட்டு நடந்தவரையும் நான் பார்த்தது கிடையாது. 8 பேருக்குள் இருவர் இருவராகப் பேச 28 வழி. 11 பேருக்கு 55. புதியவர்கள் மூவருக்கும் காப்பீட்டு விதிகளைச் சொல்லித்தர, இருப்பதிலேயே நன்றாக வேலை தெரிந்த இருவர் இரண்டு மாதம் செலவிட்டார்கள். டெஸ்ட் சர்வர் அப்போதும் ஒன்றுதான்.

இன்னொன்று, ஸ்டோரிப் புள்ளி. ஒரு வேலை இன்னொன்றைவிட எவ்வளவு பெரியது என்று குழு தனக்குத்தானே ஊகித்துக்கொள்ளும் அளவு அது. மேலிடம் அதை வாரா வாரம் கேட்க ஆரம்பித்ததும் என்ன நடந்தது என்றால், ஜனவரியில் ஸ்பிரிண்டுக்கு 26 புள்ளி, மே மாதம் 41. முடிந்த ஸ்டோரிகள் அப்போதும் 15, இப்போதும் 15. முன்பு 2 என்றதை 3 என்றார்கள். 3 என்றதை 5 என்றார்கள். யாரும் கூடிப் பேசி ஏமாற்றவில்லை. அளவுகோலை இலக்காக வைத்தால் அது அளப்பதை நிறுத்திவிடும் என்ற குட்ஹார்ட் விதி, அரிசிக் கடைப் படியிலிருந்து மென்பொருள்வரை எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. ஸ்க்ரம் வழிகாட்டி 2011 லேயே, ஸ்பிரிண்டில் முடிப்பதாகக் குழு சொல்வது வாக்குறுதி என்பதை மாற்றி, முன்கணிப்பு என்று எழுதிவிட்டது. எங்கள் மாடியில் அந்தச் செய்தி இன்னும் லிஃப்டில் வந்துகொண்டிருக்கிறது. குழு ஒரு எண் சொன்னால் அது சத்தியம்.

ஏன் யாரும் சொல்லவில்லை

சுவரில் சிவப்புப் புள்ளிகள் கொட்டிக்கிடக்கும்போதும் காலை 10 மணிக்குத் தடை ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். அந்தச் சோதனையாளரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "சர்வர் கிடைக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னேன். உடனே, டிக்கெட் போட்டீர்களா, நினைவூட்டினீர்களா, எனக்கு நகல் வைத்தீர்களா என்று மேலாளர் கேட்டார். அன்றிலிருந்து அந்தத் துறையைத் துரத்துவது என் வேலை ஆகிவிட்டது. என் வேலையும் நிற்கவில்லை. சொன்னவர் தலையில்தான் விடிகிறது. யார் சொல்வார்கள்?"

எங்கள் அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் வந்து வெகுகாலம் ஆகிறது. சார் போய்விட்டது என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். சார் என்ற சொல்தான் போனது. பெரியவர் எதிரே குறை சொல்லக்கூடாது என்று நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஊட்டப்பட்டது அப்படியே இருக்கிறது. அதிலும் இங்கே குறை சொன்னால் அது பொருளைப் பற்றியதாக நிற்காது; சர்வர் துறையில் இருக்கும் இன்னாரைப் பற்றிய புகார் ஆகிவிடும். அவர் நாளைக்கு இதே குழுவுக்கு வரலாம். ஒருவரின் வேலையை மதிப்பிடும் அப்ரைசலை எழுதுகிறவருக்கு வேண்டியவராக இருக்கலாம்.

அப்ரைசல் தனி ஆளுக்கு. வேலை குழுவுக்கு. நிரல் எழுதி முடித்த ஒருவர், தேங்கிக் கிடக்கும் சோதனைக்குக் கை கொடுத்தால் அந்த அட்டை அவர் கணக்கில் வராது. ஆகவே யாரும் கை கொடுப்பதில்லை. இதைச் சுயநலம் என்று நான் எழுத மாட்டேன். வீட்டுக் கடன் தவணை உள்ளவர்கள் போடும் சாதாரணக் கணக்கு அது.

மேலாளரிடம் ஆகஸ்டில்தான் மனம்விட்டுப் பேச வாய்த்தது. அவரை வில்லனாக எழுதினால் கட்டுரைக்குச் சுவை கூடும். உண்மை அப்படி இல்லை. வியாழக்கிழமைதோறும் அவர் டாலஸுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு முறை மஞ்சள் அனுப்பினார். அன்று இரவு 9.30 க்கு அழைப்பு. அவருக்கு இரண்டு படி மேலே உள்ளவர்கள் வந்திருந்தார்கள். காரணத்தை விளக்க 40 நிமிடம், அதன் பிறகு ஒரு மாதத்துக்கு நாளொரு அறிக்கை. "அதிலிருந்து பச்சைதான்" என்றார். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. தர்பூசணி அறிக்கை என்று எங்கள் துறையில் கேலியாகச் சொல்வதுண்டு. "ஒப்பந்தம் நிலையான விலைக்குப் போட்டது. தேவைப் பட்டியல் எப்போதோ பூட்டியாகிவிட்டது. அதில் ஒன்று குறைந்தாலும் பணம் நிற்கும். நீங்கள் அதன்மேல் வந்து அஜைல் என்று போர்வை போர்த்துகிறீர்கள். எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, போர்வைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போர்த்துங்கள்."

குழுவில் யாரும் அவரிடம் தடையைச் சொல்லவில்லை. அவரும் அவருக்கு மேலே சொல்லவில்லை. ஒரே வாக்கியம் மாடிக்கு மாடி ஏறிப் போயிருக்கிறது.

என்ன மாற்றினோம்

தைரியமாகப் பேசுங்கள் என்று பயிற்சி வகுப்பு நடத்தச் சொல்லி மனிதவளத் துறையிலிருந்து யோசனை வந்தது. நான் மறுத்தேன். வேலை நகர ஒருவருக்குத் துணிச்சல் தேவைப்படுகிறது என்றால் அந்த ஏற்பாட்டில்தான் கோளாறு. எனவே வாயைத் திறக்கத் தேவையே இல்லாதபடி ஒரு விதி வைத்தோம்: எந்த அட்டையில் தொடர்ந்து மூன்று சிவப்பு விழுகிறதோ, அது அன்று மாலையிலிருந்து மேலாளரின் அட்டை. யாரும் புகார் சொல்ல வேண்டாம், மடலில் நகல் வைக்க வேண்டாம். அவர் தினக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு, மாலை 5.15 க்குச் சுவருக்கு வருவார். இதற்கு அவர் ஒப்புக்கொண்டதுதான் இந்த ஆறு மாதத்தில் நடந்த பெரிய காரியம். முதல் வாரம் 7 அட்டை அவர் பங்குக்குப் போனது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கையில் இருக்கும் அட்டைகளுக்கு 12 என்று வரம்பு வைத்தோம். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஒரு நிரலாளர் புது அட்டை எடுக்க வழியில்லாமல் ஒரு முழுக் காலை தவித்தார். பிறகு சோதனையாளர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இரவில் தானாக ஓடும் சோதனைகளைச் சரிசெய்ய உட்கார்ந்தார். அவை இரண்டு மாதமாகத் தோற்றுக்கொண்டே இருந்தன. தோல்விச் செய்தி வந்தால் அழித்துவிடப் பழகியிருந்தார்கள். மாலையில் என்னிடம் வந்து கேட்டார்: "இந்த நேரத்தை எந்தக் குறியீட்டில் எழுதுவது? டைம்ஷீட்டில் இதற்கு வரியே இல்லையே."

டாலஸிலிருந்து, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரின் அரை மணி நேரம் செவ்வாயும் வியாழனும் கிடைத்தது. அவருக்குக் காலை 8, நமக்கு மாலை 6.30. அலுவலகப் பஸ் 6.45 க்குக் கிளம்பும். தாம்பரம் போகிறவர் அதை விட்டால் வீடு சேர இரவு 9 ஆகும். எனவே எல்லோரும் உட்கார வேண்டாம், முறை வைத்து இருவர் போதும் என்று வைத்தோம். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புகிறார்கள், இங்கே 6.30 என்பது 7.30 ஆகிவிட்டது. முறை வைத்தவர்களுக்கு நிறுவனத்தின் கார் கேட்டோம். மூன்று படிவத்துக்குப் பிறகு கிடைத்தது.

நிரலுக்கு ஒப்புதல் தரும் உரிமை இன்னும் இருவருக்குத் தரப்பட்டது. தொழில்நுட்பத் தலைவர் வேண்டாம் என்றார். முதல் வாரமே ஒரு பிழை தப்பிப் போனது. "சொன்னேன் அல்லவா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் உரிமையைத் திரும்ப வாங்கவில்லை.

நவம்பர் முடிவில் பெரும்பாலான அட்டைகளில் 7 அல்லது 8 புள்ளி. அதில் பாதி இன்னும் சிவப்பு. ஸ்பிரிண்டுக்கு முடிவது 15 இலிருந்து 17 ஆனது. வேகம் பெருகிவிட்டது என்று இதை வைத்து யாரும் பட்டாசு வெடிக்க முடியாது. ஆனால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்று வாடிக்கையாளர் திங்களன்று கேட்டால், எப்போது கிடைக்கும் என்று ஒரு நாள் இரண்டு நாள் பிசகில் சொல்ல முடிந்தது. அந்த மாத மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் தேங்கி, பாதிக் குழு மூன்று நாள் வீட்டிலேயே இருந்தபோதும், அந்தச் சோதனையாளர் சுவரின் புகைப்படத்தின்மேல் விரலால் புள்ளி வைத்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் சர்வர் விஷயம் தோல்விதான். செவ்வாய், வெள்ளி காலைகள் எங்களுக்கு என்று எழுத்தில் வாங்கியதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தனி சர்வருக்கான செலவு யார் கணக்கில் என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. வேலை தெரிந்த அந்த இருவரில் ஒருவர் அக்டோபரில் ராஜினாமா கொடுத்தார். அப்ரைசல் முறையை எங்களால் தொடக்கூட முடியவில்லை. சோதனைகளைச் சரிசெய்ய உட்கார்ந்த அந்த நிரலாளர் பெயரில் அந்தக் காலாண்டில் அட்டைகள் குறைவு என்று அவரிடம் விளக்கம் கேட்டார்கள். என் தரப்பில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

நான் கிளம்பும் வாரத்தில் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தின் வரைவு வந்தது. தேவைப் பட்டியலைப் பூட்டும் பிரிவு போய்விட்டது. அதில் மேலாளரின் கை இருந்தது, மகிழ்ந்தேன். அந்த இடத்தில் புதிய வரி ஒன்று: மாதந்தோறும் 90 ஸ்டோரிப் புள்ளிகள் முடித்துத் தர வேண்டும், குறைந்தால் கட்டணத்தில் பிடித்தம். அந்த வரியை எடுக்கச் சொல்லி, குட்ஹார்டிலிருந்து ஜனவரி மே கணக்குவரை விளக்கி ஒரு மடல் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. அட்டை எழுதி ஒட்டியிருந்தால் இன்று மாலை அதற்குப் பதினோராவது சிவப்புப் புள்ளி.